வீடற்றோர் தொண்டமைப்பைப் பற்றிய கட்டுரையில் மேற்கோள் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன?

எம்மாவுஸ் இயக்கத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தபோது வந்தவை. பாரிசை ஒட்டிய நுய்யி-பிளேசான்சில் 1949இல் அபே பியேர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தொடங்கியது அது. வீடில்லாதவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்வார்கள். பழைய சாமான்களைச் சேகரித்து, பழுதுபார்த்து, விற்று, அந்த வருமானத்தில் தாங்களும் பிழைத்து அடுத்தவருக்கும் உதவுவார்கள். நம்மூர் காயலான் கடையும் ஆசிரமமும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் எப்படியோ அப்படி. இன்று சுமார் 40 நாடுகளில் 400க்கும் மேற்பட்ட குழுக்களாகப் பரவியிருக்கிறது.

வரைவை இரண்டு நண்பர்களிடம் காட்டினேன். ஒருவர் எல்லா மேற்கோளையும் அடித்துவிட்டார்: “கலைக்களஞ்சியத்தில் யார் என்ன சொன்னார் என்பது எதற்கு? என்ன நடந்தது என்று எழுதுங்கள்.” இன்னொருவர் ஒவ்வொரு பிரிவின் தலையிலும் பாதிரியாரின் பொன்மொழி ஒன்றை வைத்துத் திருப்பி அனுப்பினார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று யோசித்ததில் சேர்ந்தவைதான் கீழே இருப்பவை.

மேற்கோளும் சான்றும் ஒன்றுதானே?

இல்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற குழப்பம் இது. கட்டுரையின் அடியில் ‘மேற்கோள்கள்’ என்று தலைப்புப் போட்டு நாளிதழ், நூல், இணைய இணைப்புகளை அடுக்குகிறோம். அவை சான்றுகள், அதாவது இந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்பதற்கான அடையாளம். ஒருவர் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே இரட்டைக் குறிகளுக்குள் வைப்பதையும் மேற்கோள் என்றே சொல்கிறோம். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் ஒருவர் “மேற்கோள் குறைவாக இருக்கிறது” என்று எழுத, இன்னொருவர் சான்று சேர்க்காமல் பொன்மொழி சேர்த்துவிட்டுப் போவது இதனால்தான்.

இந்தப் பக்கத்தில் மேற்கோள் என்றால் இரட்டைக் குறிக்குள் வருவது மட்டும். சான்று எவ்வளவு இருந்தாலும் நல்லது. மேற்கோள் அப்படி இல்லை.

சரி, வீடற்றோர் தொண்டமைப்பைப் பற்றிய கட்டுரையில் மேற்கோள் வரலாமா, கூடாதா?

வரலாம், அந்தச் சொற்களே ஒரு நிகழ்ச்சியாக இருந்தால்.

சொற்களே நிகழ்ச்சி என்றால்?

1954ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைப் பாருங்கள். போர் முடிந்து ஒன்பதாண்டு ஆகியும் பிரான்சில் வீட்டுப் பற்றாக்குறை தீரவில்லை. பாரிசின் நடைபாதைகளிலும் கூடாரங்களிலும் பழைய வண்டிகளிலும் மக்கள் படுத்திருந்தார்கள். ஜனவரித் தொடக்கத்தில் ஒரு கைக்குழந்தை குளிரில் இறந்தது. அவசரக் குடியிருப்புகளுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நாடாளுமன்றத்தை நெருக்கிக்கொண்டிருந்த அபே பியேர், வீட்டுவசதித் துறை அமைச்சருக்குத் திறந்த மடல் எழுதினார். ‘லெ ஃபிகாரோ’ நாளிதழ் அதை வெளியிட்டது. அமைச்சர் குழந்தையின் அடக்கத்துக்கே வந்து நின்றார்.

பிப்ரவரி 1 அன்று ரேடியோ லக்சம்பர்கில் அபே பியேரின் வேண்டுகோள் ஒன்று ஒலித்தது. அதன் தொடக்கம் இது:

“நண்பர்களே, காப்பாற்றுங்கள்! இன்று அதிகாலை மூன்று மணிக்கு, செபஸ்தபோல் பெருஞ்சாலையின் நடைபாதையில் ஒரு பெண் குளிரில் உறைந்து இறந்துபோனார், முந்தாநாள் தன்னை வீட்டைவிட்டு வெளியேற்றிய அந்தத் தாளை இறுகப் பிடித்தபடி.”

அப்புறம் அந்த வேண்டுகோள் பட்டியல் போட்டது: இன்று இரவுக்குள், மிஞ்சினால் நாளைக்குள், 5,000 கம்பளிகள், 300 பெரிய அமெரிக்கக் கூடாரங்கள், 200 கணப்படுப்புகள் வேண்டும். எங்கே கொண்டுவந்து கொடுப்பது என்று ஒரு ஓட்டலின் முகவரியும் சொன்னது. அன்று மாலையே அந்த ஓட்டலில் நிற்க இடமில்லாமல் போனது. சேர்ந்த பணம் சுமார் 50 கோடி பழைய பிராங்க். பத்திரிகைகள் இதற்கு ‘நல்லெண்ணத்தின் எழுச்சி’ என்று பெயர் வைத்தன. அவசரக் குடியிருப்புக்கு 100 கோடியே தர முடியாது என்றிருந்த நாடாளுமன்றம், சில வாரங்களில் 1,000 கோடி பிராங்க் ஒதுக்கி 12,000 வீடுகள் கட்ட ஒப்புக்கொண்டது. 1956 டிசம்பரில் குளிர்காலத்தில் வாடகைதாரரை வெளியேற்றத் தடைவிதிக்கும் சட்டம் வந்தது. இன்றும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்தத் தடை உண்டு.

இப்போது அந்த இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டு, ‘அபே பியேர் வானொலியில் உருக்கமான வேண்டுகோள் விடுத்தார்; மக்கள் பெருமளவில் உதவினர்’ என்று எழுதிப் பாருங்கள். தப்பொன்றும் இல்லை. ஆனால் மக்கள் ஏன் ஓடிவந்தார்கள் என்பது அதில் இல்லை. ‘உருக்கமான’ என்பது கட்டுரையாளர் ஒட்டுகிற முத்திரை. “முந்தாநாள் தன்னை வெளியேற்றிய அந்தத் தாள்” என்பது கேட்டவர்களை எழுப்பிய செய்தி. இங்கே மேற்கோளைப் போடுவதுதான் நடுநிலை, போடாமல் பெயரடை ஒட்டுவதுதான் பக்கச்சார்பு. எல்லாவற்றையும் அடித்த நண்பரிடம் நான் தோற்காத இடம் இது ஒன்றுதான்.

அப்படியானால் வேண்டுகோளை முழுசாகவே போடலாமே?

வேண்டாம். தொடக்க வாக்கியமும் கேட்ட பொருள்களின் பட்டியலும் போதும். பட்டியலைக்கூட மேற்கோளாக இல்லாமல் நம் வாக்கியத்தில் சொல்லலாம், மேலே நான் சொன்னதுபோல. எண்களுக்கு இரட்டைக் குறி தேவையில்லை.

நிறுவனர் சொன்ன அழகான வாசகங்களை என்ன செய்வது?

பெரும்பாலானவற்றை விக்கிமேற்கோளுக்கு அனுப்புங்கள். அதற்கென்றே ஒரு திட்டம் தனியாக இருக்கிறது.

ஆனால் ஒரு வாசகத்தில் நான் திண்டாடினேன். எம்மாவுசின் தோற்றக் கதை என்று எல்லோரும் சொல்வது இது. சிறையிலிருந்து திரும்பி, போக இடமில்லாமல், தற்கொலைக்கு முயன்ற ஜார்ஜ் என்பவரிடம் பாதிரியார் அழைத்துப் போகப்படுகிறார். “உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, அடுத்தவர்களுக்கு உதவ எனக்கு நீ உதவ மாட்டாயா?” என்கிற கருத்தில் அவரிடம் பேசுகிறார். ஜார்ஜ் முதல் தோழர் ஆகிறார் (இல்லத்தில் தங்கி உழைப்பவர்களை எம்மாவுஸ் அப்படித்தான் அழைக்கிறது). எம்மாவுசின் கொள்கை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உதவி பெறுகிறவர் உதவுகிறவராக மாறுவதுதானே அந்த இயக்கம்.

சிக்கல் என்னவென்றால், அந்த அறையில் இருந்தது இரண்டு பேர். நமக்குக் கிடைப்பது பாதிரியார் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன வடிவம். ஒவ்வொரு தடவையும் சொற்கள் கொஞ்சம் மாறுகின்றன. ஆகவே “பாதிரியார் ஜார்ஜிடம் சொன்னார்” என்று எழுதி இரட்டைக் குறி போட்டால், நாமே பக்கத்தில் நின்று கேட்டதுபோல ஆகிவிடும். “பாதிரியார் பின்னாளில் விவரித்தபடி” என்று தொடங்கி, கருத்தை அயற்கூற்றில் சொல்லிவிடுவது நேர்மை. கதை குறையவில்லை. யாருடைய நினைவு என்பதும் தெரிந்துவிடுகிறது.

தொண்டமைப்புகளின் தோற்றக் கதைகள் பலவும் இப்படித்தான். ஒரு குளிர்ந்த இரவு, ஒரு மனிதர், ஒரு வாசகம். தாத்தா சொல்லும் கதைபோல ஆண்டுக்கு ஆண்டு மெருகேறும். மெருகைப் பழிக்க வேண்டியதில்லை, ஆனால் அதைச் சுருக்கெழுத்துக் குறிப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

அமைப்பின் நோக்க அறிக்கையை மேற்கோளாகப் போடலாமா? அது அவர்களே சொன்னதுதானே?

அவர்களே சொன்னது என்பதுதான் குறை. ‘ஒவ்வொரு மனிதரின் கண்ணியத்தையும் மீட்டெடுக்கப் பாடுபடுகிறோம்’ என்ற வாக்கியத்தை எந்த அமைப்பின் பெயரின்கீழ் வேண்டுமானாலும் ஒட்டலாம். படிக்கிறவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. எத்தனை படுக்கை, யாருக்கு அனுமதி, எத்தனை நாள் தங்கலாம், பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். கண்ணியம் இருக்கிறதா இல்லையா என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

விதிவிலக்கு உண்டு. 1969இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எம்மாவுஸ் குழுக்கள் கூடி ஒரு பொது அறிக்கையை ஏற்றன. ‘மிக அதிகமாகத் துன்பப்படுபவருக்கு முதலில் உதவு’ என்பது அதன் அடிப்படை விதி. இது வெறும் முழக்கம் இல்லை. யாரை உள்ளே எடுப்பது, பணத்தை எங்கே செலவழிப்பது என்று வெவ்வேறு நாட்டுக் குழுக்கள் தீர்மானிக்கும்போது எடுத்துப் பார்க்கிற வரி. இயக்கத்தைக் கட்டிவைக்கும் ஆவணம் என்பதால் ஒரு வரி மேற்கோளுக்கு இடம் இருக்கிறது. ஒரு வரிக்கு மட்டும்.

முழக்கங்கள்?

‘பிக் இஷ்யூ’ என்ற பிரிட்டன் இதழை வீடற்றோர் தெருவில் விற்கிறார்கள், 1991 முதல். அதன் முழக்கம் “எ ஹேண்ட் அப், நாட் எ ஹேண்ட்அவுட்” என்பது. விற்பவர் இதழைக் காசு கொடுத்து வாங்கி, கூடுதல் விலைக்கு விற்று, லாபத்தை வைத்துக்கொள்கிறார் என்ற வணிக முறையையே அந்தச் சொல்விளையாட்டு சொல்லிவிடுகிறது. இப்படி இருந்தால் போடலாம். தமிழில் இது அழகாகவே வருகிறது: கையில் போடுவதில்லை, கைகொடுத்துத் தூக்கிவிடுவது. இப்படி அமைவது அபூர்வம்.

பிரபலங்கள் பாராட்டியதைச் சேர்க்கலாமா?

பொதுவாக வேண்டாம். நடிகர் வந்தார், மனம் நெகிழ்ந்தார், நன்கொடை தந்தார் என்பது அமைப்பின் ஆண்டறிக்கைக்கு உரியது. தொகை பெரிதாக இருந்து, நம்பத்தக்க இதழில் வந்திருந்தால் தொகையைச் சொல்லுங்கள். நெகிழ்ச்சியை விடுங்கள்.

சார்லி சாப்ளின் விஷயத்தில் நானே வழுக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1954இல் அவர் எம்மாவுசுக்கு 20 லட்சம் பிராங்க் தந்தார். தான் அதைக் கொடுக்கவில்லை, திருப்பித் தருவதாகவும், தான் வாழ்ந்த, தான் நடித்துக்காட்டிய நாடோடிக்கே அந்தப் பணம் சொந்தம் என்றும் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. இதை எடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த வரி சாப்ளினைப் பற்றித்தான் நமக்கு ஏதோ சொல்கிறது, எம்மாவுசைப் பற்றி இல்லை. சாப்ளின் கட்டுரையில் போட்டால் பொருந்தும். இங்கே அயற்கூற்றில் ஒரு வாக்கியமாகச் சுருக்கினேன். இரண்டு நாள் ஆனது சுருக்க.

அங்கே தங்கியிருப்பவர்கள் பேசியதைப் போட வேண்டாமா? அவர்கள் குரல்தானே முக்கியம்?

நியாயமான கேள்வி. பதில்தான் சிக்கலானது.

வீடற்றோர் அமைப்புகளின் இணையதளங்களில் ஒரு வடிவம் உண்டு. பெயர் மாற்றப்பட்ட ஒருவர், ஒரு படம், மூன்று பத்தி: எல்லாம் இழந்தேன், இங்கே வந்தேன், மீண்டேன். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர் அமைப்பு. மீளாதவர்களின் மூன்று பத்தி அங்கே வராது. அதைக் கலைக்களஞ்சியத்துக்குள் எடுத்துவந்தால், அமைப்பு தன்னைப் பற்றிச் சொன்னதைத் தங்கியிருப்பவரின் வாயால் நாம் மறுபடி சொன்னதாகிறது. இது ஒன்று.

இரண்டாவது அந்த மனிதரைப் பற்றியது. வீடில்லாத காலத்தில், அடுத்த வேளைச் சோறு யாரிடமிருந்து வருகிறதோ அவரே கேட்கும்போது சொன்ன வார்த்தை அது. பத்தாண்டு கழித்து அவருக்கு வேலை இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள். பெயரைத் தேடினால் முதலில் வருவது கலைக்களஞ்சியக் கட்டுரையாக இருக்கும். அமைப்பின் தளத்திலிருந்து அந்தப் பக்கம் காணாமல் போகலாம். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தது உலகம் பூராவும் நகலாகியிருக்கும். உயிரோடு இருப்பவர், பொதுவாழ்வில் இல்லாதவர் என்றால் பெயரோடு மேற்கோள் போடவே கூடாது என்பது என் கருத்து. வெளியான செய்தியாக இருந்தாலும்.

அப்படியானால் எப்போது போடலாம்? அவர்கள் தாங்களாகவே பொதுவெளிக்கு வந்து பேசும்போது. 2023இல் வட பிரான்சில், லீல் நகரை ஒட்டிய ஓர் எம்மாவுஸ் இல்லத்தில் குடியேற்ற ஆவணமில்லாத தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆவணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குறைந்த படிக்கு வேலை வாங்கப்பட்டோம் என்பது அவர்கள் புகார். அது வேறு இல்லங்களுக்கும் பரவியது. நாளிதழ்கள் எழுதின. இங்கே தோழர்கள் பேசியது வாழ்த்துமடல் இல்லை, தகராறில் ஒரு தரப்பின் வாதம். அதைக் கூட்டாக, ‘வேலைநிறுத்தம் செய்தவர்கள்’ என்று சுட்டி, அவர்கள் பயன்படுத்திய முக்கியச் சொல்லை மேற்கோளிடலாம். பக்கத்திலேயே நிர்வாகத்தின் பதிலும் வேண்டும்.

அவர்கள் குரல் வேண்டும் என்று கேட்கிறவர்கள் பலர், நன்றி சொல்லும் குரலை மட்டும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள்.

2024இல் வெளியான செய்திக்குப் பிறகு அபே பியேரின் மேற்கோள்கள் இருக்கலாமா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இதுதான்.

அபே பியேர் 2007 ஜனவரியில் இறந்தார். உயிரோடு இருந்தபோது பிரெஞ்சு மக்களின் விருப்பத்துக்குரியோர் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்தவர். 2024 ஜூலை 17 அன்று எம்மாவுஸ் இன்டர்நேஷனல், எம்மாவுஸ் பிரான்ஸ், அபே பியேர் அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து ஓர் அறிக்கையை வெளியிட்டன. அவர்களே அமர்த்திய வெளி நிறுவனம் தயாரித்தது. அவர்மேல் பாலியல் அத்துமீறல் குற்றம் சாட்டிய ஏழு பெண்களின் வாக்குமூலம் அதில் இருந்தது. செப்டம்பரில் மேலும் 17, 2025 ஜனவரியில் மேலும் 9 என அப்போதைக்கு மொத்தம் 33 வாக்குமூலங்கள் ஆயின. அறக்கட்டளை தன் பெயரிலிருந்து அவரை எடுத்துவிட்டது. 2025 ஜனவரி முதல் அது ‘வசதியற்றோர் குடியிருப்புக்கான அறக்கட்டளை’. அது புதிதாகக் கண்டுபிடித்த பெயரும் இல்லை. பழைய முழுப்பெயரின் பின்பாதி.

பொன்மொழி வைத்த நண்பரின் வரைவை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பிரிவின் தலையிலும் அன்பு, ஏழை, கடவுள் என்று பாதிரியார் பேசிக்கொண்டே இருக்கிறார். ஒரு சொல்கூட மாறவில்லை, ஆனால் படிக்கும்போது வயிறு புரள்கிறது. அலங்காரமாக வைத்த மேற்கோளின் கதி இதுதான். பேசியவர்மேல் நாம் வைத்த நம்பிக்கையைத் தவிர அதற்கு வேறு தாங்குகட்டை இல்லை.

1954 வேண்டுகோளை எடுத்துப் பாருங்கள். அது அப்படியே நிற்கிறது. அந்தப் பெண் இறந்தது, கம்பளிகள் வந்தது, சட்டம் மாறியது எல்லாம் சொன்னவரின் ஒழுக்கத்தைப் பொறுத்து மாறப்போவதில்லை. வரலாற்றில் வேலை செய்த சொல் என்பதால் அது கட்டுரையில் இருக்கிறது, நல்லவர் சொன்னார் என்பதால் இல்லை. ஆகவே அதை நீக்கக் கூடாது. நீக்கினால் எம்மாவுஸ் எப்படி வளர்ந்தது என்பதே புரியாது.

புதிதாக ஒரு மேற்கோளும் சேர்கிறது. 2024 ஜூலையில் வந்த கூட்டறிக்கையில், வாக்குமூலம் தந்தவர்களைப் பற்றி அமைப்புகள் சொன்னவற்றுள் ஒன்று: “அவர்களை நாங்கள் நம்புகிறோம்.” இதை அயற்கூற்றில் ‘அமைப்புகள் குற்றச்சாட்டுகளைத் தீவிரமாக எடுத்துக்கொண்டன’ என்று எழுதினால் அர்த்தமே போய்விடும். எந்த அமைப்பும் எந்தச் சிக்கலிலும் சொல்கிற பேச்சு அது. தன் நிறுவனருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களைப் பார்த்து நம்புகிறோம் என்று சொல்வது வேறு. மூன்று சொல்தான், ஆனால் அந்த மூன்றையும் மாற்றக் கூடாது.

வாக்குமூலங்களின் விவரங்களை மேற்கோளிட வேண்டுமா என்றும் கேட்டார்கள். வேண்டாம். எண்ணிக்கை, காலம், குற்றச்சாட்டின் தன்மை, அமைப்பு செய்தது இவ்வளவு போதும். அது எம்மாவுசைப் பற்றிய கட்டுரை.

மேற்கோளை நாமே மொழிபெயர்க்கலாமா?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வேறு வழி இல்லை. பிரெஞ்சிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ நாம்தான் பெயர்க்க வேண்டும். மூலவாசகத்தை அடிக்குறிப்பில் வைத்துவிடுங்கள், பார்க்கிறவர் ஒப்பிட்டுத் திருத்தட்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகப் போகாமல் மூலமொழி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். எனக்கு இரண்டு இடத்தில் முட்டியது.

முதலில் வேண்டுகோளின் முதல் கூச்சல். அதை ‘உதவுங்கள்’ என்று முதலில் எழுதியிருந்தேன். பிரெஞ்சில் அது தண்ணீரில் மூழ்குகிறவர் கத்துகிற சொல். ‘உதவுங்கள்’ என்றால் உண்டியல் குலுக்குவதுபோல இருக்கிறது. ‘காப்பாற்றுங்கள்’ என்று மாற்றினேன்.

இரண்டாவது, மரியாதை விகுதி. பிரெஞ்சில் ‘ஒரு பெண் இறந்தாள்’, ‘இறந்தார்’ என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நடைபாதையில் இறந்தவரை நம் பழைய செய்தித்தாள்கள் ‘இறந்தாள்’ என்றுதான் எழுதியிருக்கும். பாதிரியாருக்கு ‘என்றார்’, அவளுக்கு ‘இறந்தாள்’. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் மூலத்தில் இல்லாத மேடு பள்ளத்தை மொழிபெயர்ப்பாளர் கொண்டுவந்து வைத்ததாகிறது. ‘இறந்துபோனார்’ என்றே எழுதினேன்.

இதைவிடக் கடினமானது ‘நீ’. அதே வேண்டுகோள், உதவி மையங்களின் வாசலில் விளக்கின்கீழ் எழுதிவைக்கச் சொன்ன வாசகம் ஒன்று இருக்கிறது. துன்பப்படுகிற எவரையும் உள்ளே வா, தூங்கு, சாப்பிடு, மறுபடி நம்பிக்கை கொள், இங்கே உன்னை நேசிக்கிறோம் என்று அழைப்பது. பிரெஞ்சில் அது ஒருமை. கடவுளையும், பிள்ளையையும், உயிர்த்தோழனையும் அழைக்கும் ஒருமை. தமிழில் முன்பின் தெரியாத, வீடில்லாத ஒருவரைப் பார்த்து ‘நீ சாப்பிடு’ என்று பலகை வைத்தால் அதட்டல்போல ஒலிக்கும். ‘நீங்கள் சாப்பிடுங்கள்’ என்றால் ஓட்டல் பலகை. நான் ஒருமையையே வைத்து, மூலத்தில் அது நெருக்கத்தின் ஒருமை என்று குறிப்பு எழுதினேன். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், அதாவது திருத்துகிறவர்கள் விவாதிக்கும் பக்கத்தில், சொல்லலாம்.

அயற்கூற்றில் எழுதினால் சுவை போய்விடாதா?

எப்போதும் இல்லை. தமிழில் ‘என்று’ இருக்கிறது, ‘ஆக’ இருக்கிறது, ‘என்ப’ என்று தொல்காப்பியம் தொட்டு வருகிற பழக்கம் இருக்கிறது. பிறர் சொன்னதைச் சொல்ல நம்மிடம் கருவிக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் கலைக்களஞ்சியத்தில் தொடாதீர்கள்: ‘ஆம்’. ‘அங்கே பணம் கையாடப்பட்டதாம்’ என்று எழுதினால் யார் சொன்னது என்பதும் தெரியாது, எழுதியவர் நம்புகிறாரா என்பதும் தெரியாது. திண்ணைக்குச் சரி.

நாளிதழ்களிலிருந்து வந்த இன்னொரு நோய், வாக்கியத்துக்கு வாக்கியம் ‘என்றார்’, ‘தெரிவித்தார்’, ‘குறிப்பிட்டார்’. யாரும் மறுக்காத உண்மைக்கு ‘என்றார்’ வேண்டாம். ‘இல்லத்தில் 40 படுக்கைகள் உள்ளன என்று இயக்குநர் தெரிவித்தார்’ என்பதில் இயக்குநர் எதற்கு?

எண்ணிக்கைகளுக்கு?

அங்கே ஆள் வேண்டும், ஆனால் மேற்கோள் வேண்டாம். பிரான்சில் வீடற்றோர் எத்தனை பேர் என்றால், தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே 2012 கணக்கெடுப்பில் 1,40,000க்குச் சற்று மேல் என்றது. அபே பியேர் அறக்கட்டளையின் 2023 அறிக்கை 3,30,000 என்றது. ஆண்டும் வேறு, எண்ணிய முறையும் வேறு. ஒன்றை மட்டும் போட்டு ‘பிரான்சில் வீடற்றோர் எண்ணிக்கை’ என்று எழுதினால் யாரோ ஒருவர் பக்கம் சாய்ந்துவிட்டோம். யார் கணக்கு, எந்த ஆண்டு என்று சொன்னால் போதும்.

எவ்வளவு நீளம்? அழகான பெட்டிக்குள் போடலாமா?

ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு சுமார் 40 சொல்லுக்கு மேல் போனால் தனிப்பத்தியாக உள்தள்ளச் சொல்கிறது. தமிழில் ஒரு சொல்லே மூன்று ஆங்கிலச் சொல்லின் வேலையைச் செய்யும், ஆகவே 25 என்று வைத்துக்கொள்ளலாம். கட்டுரையில் ஏற்கெனவே வந்த வரியை எடுத்துப் பெரிய எழுத்தில் பக்கத்தில் மாட்டுவது வார இதழ் வேலை. பெட்டி, பூப்போட்ட மேற்கோள் குறி வார்ப்புரு எதுவும் வேண்டாம்.

காப்புரிமை?

சுருக்கமான மேற்கோளுக்குப் பயமில்லை, பேசியவர் பெயரும் சான்றும் இருந்தால். முழு உரையைப் போடுவது வேறு விஷயம். பிரான்சில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை காப்புரிமை உண்டு. 2007இல் இறந்தவருக்கு 2077 முடியும்வரை கணக்கு.

நான் அந்த அமைப்பில்தான் வேலை செய்கிறேன். எங்கள் கட்டுரையில் மேற்கோள் சேர்க்கலாமா?

நேரடியாகச் சேர்க்காதீர்கள். உங்களுக்கு நலமுரண் இருக்கிறது என்பதைப் பயனர் பக்கத்தில் சொல்லிவிட்டு, பேச்சுப் பக்கத்தில் சான்றோடு பரிந்துரையுங்கள். ஒருமுறை ஓர் அமைப்பின் தன்னார்வலர் (பெயர் வேண்டாம்) ஒரே இரவில் பதினான்கு பாராட்டு வரிகளைச் சேர்த்தார், அத்தனையும் அவர்கள் துண்டறிக்கையிலிருந்து. நீக்கியபோது, ஏழைகளுக்கு எதிரி என்று எனக்குப் பட்டம் கிடைத்தது. அதே மனிதரிடம் ‘உங்கள் இல்லம் எந்த ஆண்டு தொடங்கியது, அப்போதைய நாளிதழ்ச் செய்தி இருக்கிறதா’ என்று கேட்டேன். மூன்று பழைய நறுக்குகளை ஸ்கேன் செய்து அனுப்பினார். கட்டுரையில் இன்றுவரை நிற்பது அந்த நறுக்குகள்தான்.

கடைசியில் எம்மாவுஸ் கட்டுரையில் எத்தனை மேற்கோள் வைத்தீர்கள்?

நான்கு. 1954 வேண்டுகோளின் தொடக்கம், வாசல் பலகையின் வாசகம், பெர்ன் அறிக்கையில் ஒரு வரி, 2024 கூட்டறிக்கையின் மூன்று சொல். எல்லாவற்றையும் அடித்த நண்பர் இன்னும் பெர்ன் வரியை எடுக்கச் சொல்கிறார். பேச்சுப் பக்கத்தில் அந்த விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.